விசா வழங்கும் அலுவலகங்களுக்கு, செக்-இன் கவுன்டரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விசாப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த நாட்டுத் தூதரகத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். நான் ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரில் வேலை பார்ப்பவன். நீங்கள் "போகலாம்" என்று சொல்லி அனுப்பிய ஆளிடம், "இன்றைக்கு நீங்கள் போக முடியாது" என்று சொல்லும் வேலை எங்கள் தலையில் விழுகிறது. சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அதான் விசா கொடுத்துவிட்டார்களே, அப்புறம் என்ன?"

அந்தக் கேள்வியை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்கவே எழுதுகிறேன். விசா கொடுக்கும் அன்றே, அந்த விசாவை நம்பிக் கிளம்புகிறவர் இன்னும் என்னென்ன முடிக்க வேண்டும் என்பதை, அவருடைய பாஸ்போர்ட்டையும் பயணக் காரணத்தையும் வைத்துப் பார்த்து, ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பொதுவான குறிப்புகள் வேண்டாம், அவை ஏற்கெனவே மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அந்த ஆளுக்கு உரியது போதும்.

கவுன்டரில் இருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். தகுந்த ஆவணம் இல்லாத ஒருவரை நாங்கள் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், அவரைத் திருப்பிக் கூட்டிவரும் பொறுப்பும் எங்களுடையது, அபராதமும் எங்களுக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டு ஆணை இதற்கென்றே வந்தது. ஒரு பயணிக்கு 3,000 யூரோவுக்குக் குறையாத அபராதம், அல்லது உச்ச வரம்பை 5,000 யூரோவுக்குக் குறையாமல் வைப்பது என்று உறுப்பு நாடுகளுக்கு அது வழி வகுத்துக் கொடுத்தது. மற்ற பல நாடுகளிலும் இதே போன்ற சட்டங்கள் உண்டு. ஆக, உங்கள் எல்லையைக் காக்கும் முதல் வாசல் எங்கள் கவுன்டர்தான். சம்பளம் மட்டும் வேறு இடத்திலிருந்து வருகிறது.

நாங்கள் பார்ப்பது டைமேட்டிக். பயணியின் குடியுரிமை, போகும் நாடு, இடையில் இறங்கும் நாடு எல்லாம் போட்டால், என்னென்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லும் தரவுத்தளம் அது. விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கமான அயாட்டா நடத்துகிறது. அதில் தெரியும் வரிகளை நீங்களே அதாவது உங்கள் அரசுகளே அனுப்பி வைக்கிறீர்கள். பயணி அதை முதன்முதலாகக் கேள்விப்படுவது, லக்கேஜைத் தராசில் ஏற்றிய பிறகு.

பாஸ்போர்ட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சிங்கப்பூர், இந்தோனேசியா போன்ற நாடுகளுக்குள் நுழைய பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து வெளியேறும் தேதிக்குப் பின் 3 மாதம் இருந்தால் போதும். ஆனால் அங்கே இன்னொரு கணக்கும் உண்டு: பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். 10 ஆண்டுக்கு மேல் பழைய பாஸ்போர்ட் எப்படிச் செல்லுபடியாக இருக்கும் என்று கேட்பீர்கள். இருக்கும். பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த மாதங்களில் அதிகபட்சம் 9 மாதத்தைப் புதியதில் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பிரிட்டனில் 2018 செப்டம்பர் வரை இருந்தது. அப்படிக் கிடைத்தவர் கடைசித் தேதியைப் பார்த்து நிம்மதியாகக் கிளம்பி வருகிறார். நாங்கள் வழங்கிய தேதியைப் பார்த்து நிறுத்துகிறோம். அவர் கையில் இருப்பது அவருடைய சொந்த அரசு கொடுத்த, காலாவதியாகாத பாஸ்போர்ட். இதை எப்படி விளக்கினாலும் ஏமாற்று வேலை போலத்தான் கேட்கும்.

விசாவைத் தாளிலோ மின்னஞ்சலிலோ கொடுக்கும்போது உங்கள் கணினியில் அந்த பாஸ்போர்ட்டின் எண், வழங்கிய தேதி, முடியும் தேதி எல்லாம் இருக்கின்றன. "இந்தப் பாஸ்போர்ட்டை வைத்து இன்ன தேதி வரைதான் எங்கள் நாட்டுக்கு வரலாம்" என்று ஒரு வரி அச்சிட்டால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள். பல ஆண்டுகளுக்கான விசா கொடுக்கும் நாடுகளுக்கு இது இன்னும் பொருந்தும்; விசாவின் ஆயுள் பாஸ்போர்ட்டின் ஆயுளைத் தாண்டி நிற்பது சர்வ சாதாரணம்.

அடுத்தது விசாவில் அச்சாகும் தேதிகள். ஒரு ஷெங்கன் ஸ்டிக்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை" என்று இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே, சின்னக் கட்டத்தில், தங்கக்கூடிய நாட்கள் 15 என்று தனியாக ஒரு எண். விமானம் ரத்தானாலோ பயணம் தள்ளிப்போனாலோ உதவட்டும் என்று மேலே உள்ள தேதிகளில் 15 நாள் கூடுதலாகச் சேர்த்துக் கொடுப்பது உங்கள் விதி; நல்ல விதிதான். ஆனால் பயணி மேலே உள்ள இரண்டு தேதிகளை மட்டும் பார்க்கிறார், 30 நாள் என்று கணக்குப் போடுகிறார், 26-ஆம் நாளுக்குத் திரும்பும் டிக்கெட் எடுக்கிறார். முன்பு முத்திரையைப் புரட்டிப் பார்த்துக் கணக்கிடும் அதிகாரி கவனிக்காமல் விட்டாலும் விடலாம். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே புதிய நுழைவு-வெளியேறல் பதிவு முறை நடைமுறைக்கு வர ஆரம்பித்துவிட்டது. கைரேகை, முகப்படத்தோடு நாட்களைக் கணினியே எண்ணுகிறது. அது கவனிக்காமல் விடாது.

அமெரிக்க விசாவில் குழப்பம் வேறு மாதிரி. விசா 10 ஆண்டுக்குச் செல்லும் என்றால், அந்த 10 ஆண்டும் போய் வாசலைத் தட்டலாம் என்றுதான் அர்த்தம். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் உள்ள அதிகாரி தீர்மானிக்கிறார். மாணவர் விசாவில் இன்னொரு முடிச்சு. விசா கைக்கு வந்துவிட்டது, டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று சீக்கிரமே கிளம்பிவிட முடியாது. ஐ-20 படிவத்தில் படிப்பு தொடங்கும் தேதி இருக்கும். அதற்கு 30 நாளுக்கு முன்னால் மாணவராக உள்ளே நுழைய அனுமதியில்லை. படிவத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது, விசாவைத் தூதரகம் கொடுக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இந்தத் தேதிக்கு முன் போகாதே" என்று சொல்பவர் யாருமில்லை.

மின்விசா வந்த பிறகு எங்களுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது: எழுத்தா எண்ணா என்று பார்ப்பது. பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யம் இருக்கிறது. விண்ணப்பத்தில் விரல் ஆங்கில ஓ எழுத்தின் மேல் விழுந்துவிட்டது. விசா ஒப்புதலாகி வந்துவிடுகிறது. அச்சடித்த தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எங்கள் கணினிக்கோ அந்தப் பாஸ்போர்ட்டுக்கு விசாவே இல்லை. பயணி தாளை ஆட்டி ஆட்டிக் காட்டுவார். "இதோ என் பெயர், இதோ என் படம்." எல்லாம் சரிதான் ஐயா, ஒரு வட்டம் தப்பு. பாஸ்போர்ட் எண்ணில் எந்தெந்த இடத்தில் எழுத்து வரும், எங்கெங்கே எண் வரும் என்று பல நாடுகளில் திட்டமான அமைப்பு உண்டு. விண்ணப்பிக்கும்போதே அதைச் சரிபார்க்கும் ஒரு சிறு ஏற்பாட்டை உங்கள் மென்பொருளில் சேர்ப்பது அவ்வளவு கடினமா?

விசா கிடைத்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் கதையும் இதேதான். பல மின் அனுமதிகள் அந்தப் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. எண் மாறினால் அனுமதியும் போயிற்று. பிரிட்டனில் தங்கும் உரிமை உள்ளவர்களின் பழைய அட்டைகள் 2024 கடைசியோடு காலாவதியாகி, எல்லாம் இணையக் கணக்குக்கு மாறிவிட்டன. புதுப் பாஸ்போர்ட்டை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்தவர் கவுன்டரில் கையில் காட்ட ஒன்றுமில்லாமல் நிற்கிறார். வருடக்கணக்காக அங்கே வாழ்பவர், வேலையில் இருப்பவர். அவரைச் சந்தேகத்தோடு பார்க்க எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

பெயர் விஷயத்தை நீங்கள் யாரும் ஒழுங்காக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத மக்கள் உலகில் பல நாடுகளில் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று வரும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். டிக்கெட் விற்கும் இணையதளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகரவிடாது, ஆகவே பெயரை இரண்டு தடவை அடித்திருப்பார்கள். ஒரே ஆளுக்கு மூன்று ஆவணத்தில் மூன்று பெயர். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அந்த விதியின் நியாயத்தை நான் பேசவில்லை. இப்படிப் பெயர் உள்ளவர் டிக்கெட்டில் எதை எப்படி நிரப்ப வேண்டும் என்று விசா கொடுத்தவரே சொல்லிவிட்டால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும் என்கிறேன்.

டிரான்சிட் பற்றி நீங்கள் "அது வேறு நாட்டின் விஷயம்" என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனாலும் உங்களிடம் வரும் விண்ணப்பத்தில் பயணத் திட்டம் கேட்கிறீர்கள், டிக்கெட் முன்பதிவின் நகல்கூடக் கேட்கிறீர்கள். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதென்றால்கூட முறையாக உள்ளே நுழைந்துதான் வெளியேற வேண்டும், அதற்குத் தனி விசாவோ அனுமதியோ தேவை என்பதை அறியாமல் கிளம்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இரண்டு வெவ்வேறு டிக்கெட்டாக எடுத்து நடுவில் தானே மாறிக்கொள்கிறேன் என்று வருபவர்கள் நிலை இன்னும் மோசம். லக்கேஜை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்குக் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். டிக்கெட் விற்கும் தளங்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், அது இன்னொரு நாள்.

தடுப்பூசியில் நாள் கணக்கு முக்கியம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் போட்டுக்கொண்டு வருபவரிடம் சான்று இருக்கிறது, செல்லாது. சான்று இல்லாமல் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தும் நாடுகள் உண்டு. தொற்று உள்ள நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் விமான நிலையத்தில் காத்திருந்தாலே சான்று கேட்கும் நாடுகளும் உண்டு. இதற்கு நேர்மாறாக, 2016 ஜூலை 11 முதல் இந்த ஊசி ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி மாறிவிட்டது. பழைய மஞ்சள் அட்டையில் "10 ஆண்டு" என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து வீணாக இரண்டாம் முறை போட்டுக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

மருந்து விஷயத்தில் கவுன்டரில் நாங்கள் யாரையும் நிறுத்துவதில்லை. அதனால்தான் அது அதிக ஆபத்து. இங்கே யாரும் கேட்காததால் எல்லாம் சரி என்று நினைத்துப் போய் இறங்குகிறார்கள். ஜப்பானில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துக்குத் தடை. வேறு நாடுகளில் சளிக்குச் சாதாரணமாக வாங்கும் மாத்திரைகளில் உள்ள பொருள் அது. கவனக் குறைபாட்டுக்குச் சில நாடுகளில் தரும் ஆம்ஃபெட்டமின் மருந்துகளை மருத்துவர் சீட்டு இருந்தாலும் அங்கே கொண்டுபோக முடியாது. தொடர்ந்து சாப்பிடும் மருந்து ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துப் போனால் 'யுன்யு ககுனின்-ஷோ' என்ற அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். அமீரகத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைக் கொண்டுபோக முன் அனுமதி தேவை. ஒரு வருடம் தங்கப் போகிறவரிடம் ஒரு வருட மருந்து இருப்பது இயல்பு. விசா கேட்டு வருபவரிடம் நீங்கள் மருத்துவக் காப்பீடு கேட்கிறீர்கள், ஷெங்கன் குறுகியகால விசா என்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கு. காப்பீட்டுத் தாளை வாங்கிக் கோப்பில் வைக்கும் அந்த நிமிடத்தில், "என்னென்ன மருந்து எடுத்துப் போகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன?

நீண்ட காலம் தங்கப் போகிறவர்களின் ஆவணங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. இவர்களைக் கவுன்டரில் நாங்கள் நிறுத்துவது குறைவு. இவர்கள் மாட்டிக்கொள்வது போய்ச் சேர்ந்த பிறகு. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டம் எல்லாம் பெட்டியில் இருக்கும். அவை உண்மையானவை என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அப்போஸ்டில் முத்திரை இருக்காது. 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே அந்த ஒரு முத்திரை போதும். சேராத நாடென்றால் சொந்த நாட்டு வெளியுறவுத் துறை, பிறகு போகும் நாட்டின் தூதரகம் என்று சங்கிலியாக அலைய வேண்டும். பட்டியலும் மாறிக்கொண்டே வருகிறது: சீனா 2023 நவம்பர் 7 முதல், கனடா 2024 ஜனவரி 11 முதல் இதில் வந்துவிட்டன. அதற்கு முன் போய்வந்த உறவினர் சொன்ன வழியில் இன்று போனால் பாதிப் பாடு வீண். சான்றிதழை வழங்கிய நாட்டில்தான் அப்போஸ்டில் வாங்க முடியும் என்பதால், விமானம் ஏறிய பிறகு இதைச் சரிசெய்வது பெரும் பாடு. அந்த முத்திரை கையெழுத்து உண்மையானது என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே எழுதியிருப்பது சரியா என்பதற்கு அது பொறுப்பல்ல. சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தால் அப்போஸ்டில் அந்தப் பிழையையும் சேர்த்தே ஊருக்கு அனுப்பி வைக்கும்.

போய் இறங்கியதும் கெடு ஓட ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் வீடு புகுந்த 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிச் சீட்டு வேண்டும். அதைத் தர மறுக்கும் இடத்தில் முன்பணம் கட்டிவிட்டுப் போனவர் பாடு திண்டாட்டம். இத்தாலியில் 8 வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானில் 14 நாள். பிரான்சில் நீண்டகால விசாவை 3 மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். சீனாவில் ஓட்டலில் தங்காதவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். வண்டி ஓட்டும் எண்ணமிருந்தால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உரிமம் கொடுத்த நாட்டிலேயே வாங்கிவிட வேண்டும். அதிலும் 1949 ஜெனீவா வகை, 1968 வியன்னா வகை என்று முக்கியமாக இரண்டு. ஜப்பான் முதல் வகையைத்தான் ஏற்கும், சீனா எதையும் ஏற்காது. குழந்தையோடு ஒரு பெற்றோர் மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டுமா என்பதும் நாட்டுக்கு நாடு வேறு.

இதெல்லாம் எங்கள் இணையதளத்தில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. மறுக்கவில்லை. விசாவுக்கு ஒரு தளம், சுங்கத்துக்கு ஒரு தளம், சுகாதாரத் துறைக்கு ஒன்று, உள்ளூர் நகராட்சிக்கு இன்னொன்று, ஒவ்வொன்றும் அந்தந்தத் துறையின் மொழியில். பயணி உங்களிடம் வாங்கிப் போகும் ஒரே பட்டியல், விசா கேட்கும்போது என்னென்ன தர வேண்டும் என்ற பட்டியல். அது நீங்கள் முடிவெடுப்பதற்கு உதவும் பட்டியல். அவர் ஒன்றுவிடாமல் நிறைவேற்றி, வரிசையில் நின்று, கைரேகை கொடுத்து, விசாவும் வாங்கிவிட்டார். எல்லாம் முடிந்தது என்று அவர் நினைப்பதில் தப்பே இல்லை. முடியவில்லை என்று அவரிடம் சொல்ல உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாசகம்: "விசா இருப்பதால் மட்டும் நுழைவுக்கு உத்தரவாதமில்லை." அதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தயார் செய்ய முடியாது.

விதி அடிக்கடி மாறுகிறது, தாளில் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எங்கள் மேல் வழக்கு வரும் என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. தாளின் தலையில் தேதியைப் போடுங்கள். "இன்றைய நிலவரம் இது, கிளம்பும் வாரத்தில் இன்ன இடத்தில் மறுபடி பாருங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். மருந்துக் கடைக்காரர் பாட்டிலில் ஒட்டும் சீட்டைவிட நீளமாக அது இருக்கத் தேவையில்லை: பாஸ்போர்ட் எதுவரை உதவும், உள்ளே எத்தனை நாள், எந்தத் தேதிக்கு முன் போகக் கூடாது, எந்த ஊசி எந்தத் தேதிக்குள், எந்த ஆவணத்துக்கு அப்போஸ்டில், இறங்கியதும் எத்தனை நாளுக்குள் எங்கே பதிய வேண்டும். விண்ணப்பதாரர் படிக்கக்கூடிய மொழியில். கட்டணம் வாங்கும் ரசீதைப் பல மொழிகளில் அச்சிட உங்களால் முடிகிறது.

கடைசியாக இன்னொன்று. நீண்ட தூர விமானங்கள் பலவும் நள்ளிரவிலோ விடிகாலையிலோதான் புறப்படுகின்றன. டைமேட்டிக் ஒன்று சொல்கிறது, பயணி கையிலுள்ள உங்கள் கடிதம் வேறொன்று சொல்கிறது என்னும்போது, சரி எது என்று கேட்க ஒரு தொலைபேசி எண் எங்களுக்கு வேண்டும். சில நாடுகளின் எல்லைத் துறைகள் விமான நிறுவனங்களுக்காக அப்படி ஒரு எண்ணை 24 மணி நேரமும் திறந்து வைத்திருக்கின்றன. அடித்தால் எடுக்கிறார்கள்; சில நிமிடங்களில் "ஏற்றலாம்" அல்லது "வேண்டாம்" என்று பதில் வருகிறது. மற்ற தூதரகங்களுக்கு அந்த நேரத்தில் அடித்தால் பதிவு செய்த குரல் அலுவலக நேரத்தைச் சொல்கிறது. அந்த எண்ணை உங்கள் அலுவலகத்திலும் ஏற்படுத்தி, நான் கேட்ட தாளின் கீழ் மூலையில் அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
செக்-இன் கவுன்டர் ஊழியன் ஒருவன்